முகத்துவாரத்தில் பாய் விரிக்குமுன்

கமுதியில் அமர்ந்து பாய்மரப் பயணத்தைப் பற்றி எழுதுவது சிலர்க்கு நகைப்பைத் தரலாம். ஊரைத் தழுவிச் செல்லும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விசய ரகுநாத சேதுபதி இவ்வாற்றின் கரையில் எழுப்பிய கோட்டையருகே நின்று பார்ப்போர்க்குத் தண்ணீரைவிடக் கருவேலமே மிகுதியாகக் கண்ணிற்படும். வடகிழக்குப் பருவமழையில் சில நாள் வெள்ளம் வரும். அது படகு விடத்தக்க வெள்ளமன்று. கரையை விட்டு விலகி நிற்கவேண்டிய வெள்ளமாகும்.

ஆயினும் ஆற்றுநீரில் படகேறிக் கடல்வாய் வரை சென்று மீளவேண்டும் என்ற ஆசை மாணவர்க்கு இயல்பானது. ஒவ்வோர் ஆண்டும் கல்விச் சுற்றுலாப் பேச்சு எழும்போது இவ்வாசையும் உடன் எழுகிறது. அதனை எவ்வாறு திட்டமிடுவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இடம். நம் மாவட்டத்தில் வைகை கடலைச் சேரும் முகத்துவாரம் ஆற்றங்கரை என்னும் சிற்றூரில் உள்ளது. அதனையடுத்த அழகன்குளத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், கப்பல் உருவம் கீறப்பட்ட பானையோடு ஒன்று கிடைத்தது. அது மூன்று பாய்மரங்களைக் கொண்ட உரோமானியக் கலத்தின் வடிவம் என்பது அறிஞர் கருத்து. ஈராயிரம் ஆண்டுகட்கு முன் அயல்நாட்டுக் கலங்கள் கண்ட துறை இன்று அமைதியான மீனவச் சிற்றூராக விளங்குகிறது. தமிழ் மாணவர்கள் அவசியம் காணவேண்டிய இடம் இது. எனினும், மீன்பிடி வள்ளத்தில் கூட்டமாக ஏறிக்கொள்வதற்குரிய இடமன்று. மீன்பிடிக்கப் பெற்ற உரிமம் வேறு, பயணிகளை ஏற்றப் பெறும் உரிமம் வேறு.

படகுப் பயணத்திற்கென்றே செல்வோர்க்குத் தொண்டிச் சாலையிலுள்ள காரங்காடு அண்மையானது. முதுகுளத்தூர், இராமநாதபுரம், தேவிபட்டினம் வழியாக அங்குச் செல்லலாம். அலையாத்தி மரங்களிடையே வனத்துறையின் ஏற்பாட்டில் படகுகள் விடப்படுகின்றன. ஓர் ஆறு கிளைகளாகப் பிரிந்து கடலிற் கலக்கும் டெல்டாவையே காண விழைவோர், காவிரிப் படுகையின் தென்கோடியாகிய முத்துப்பேட்டைக்குச் செல்லலாம். ஜாம்புவானோடை தர்காவுக்குச் சென்றுவந்த நம்மவர் பலர், அங்கிருந்தே அலையாத்திக் காட்டிற்குப் படகு புறப்படுவதை அறியாமல் திரும்பியுள்ளனர். பாமணியாறு, கோரையாறு முதலிய கிளைகள் அங்குள்ள காயலிற் கலக்கின்றன. 2018 நவம்பர் 16ஆம் நாள் கரையைக் கடந்த கஜா புயல் அக்காட்டைக் கடுமையாகச் சிதைத்தது. வனத்துறையின் அனுமதியை முன்னரே பெற்றுக்கொள்ளல் நன்று.

இனிக் காற்று. கரிகாலனின் முன்னோர் காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தியதாகப் புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் பாடியிருப்பதை நாம் அறிவோம். ‘மாலுமி’ என்ற சொல் ஆசிரியரைக் குறிக்கும் ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ‘சுக்கான்’ என்பதும் அரபுச் சொல்லே. ஆங்கிலேயர் வழங்கும் ‘மான்சூன்’ என்பதற்கும் பருவத்தைக் குறிக்கும் ‘மவ்சிம்’ என்னும் அரபுச் சொல்லே மூலம். கலம் செலுத்துவோர்க்குக் காற்றைப் பற்றிய அறிவும் காலத்தைப் பற்றிய அறிவும் வேறுவேறல்ல என்பது இதனால் விளங்கும்.

நம் கரையில் இருபெருங் காற்றுகள் ஆட்சி செய்கின்றன. ஐப்பசி முதல் தை வரை வடகிழக்கிலிருந்து வீசும் வாடையில் பாக் விரிகுடா கொந்தளிக்கும். அக்காலத்தைத் தவிர்த்தல் வேண்டும் என்பதை எவரும் எளிதில் உணர்வர். வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் காற்றோ ஏமாற்றும் இயல்பினது. மன்னார் வளைகுடாவில் அலையெழுப்பும் அதே காற்று, பாக் விரிகுடாக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. ஆதலால் கரையோர நீர் குளம்போல் அமைதியாகத் தோன்றும். பாயை விரித்தவுடன் படகு இனிதாக விலகிச் செல்லும். திரும்பும்போதுதான் காற்று முழுவதும் எதிரே நிற்பது தெரியவரும். பாய்மரப் படகு எதிர்க்காற்றில் நேராகச் செல்லாது. இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து முன்னேற வேண்டும். ஒரு கல் தொலைவு இரண்டு கல்லுக்கு மேலாகிவிடும். ஆகவே, கிடைக்கும் நேரத்தில் மூன்றிலொரு பங்கு கழிந்தவுடன், எவ்வளவு தொலைவு வந்திருப்பினும் படகைத் திருப்பிவிட வேண்டும். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குள் மீள எண்ணினால் எட்டு மணியே திரும்பும் நேரமாகும்.

மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை. அப்போது பெருங்காற்றுகள் இரண்டும் ஓய்ந்திருப்பதால், விடியலில் நிலக்காற்று படகைக் கடல்நோக்கி மெல்லத் தள்ளும். முற்பகலில் எழும் கடற்காற்று கரைக்கு மீட்டுத் தரும். இதனை நேரிற் காண விழைவோர், தொண்டியையடுத்த நம்புதாளை போன்ற ஊர்களில் திருவிழாக் காலத்தில் நடைபெறும் பாய்மரப் படகுப் போட்டிக்குச் செல்லலாம். படகு சாயும் பக்கத்திற்கு எதிரே நீண்டிருக்கும் பலகையில் ஆட்கள் ஏறியமர்ந்து சமன்செய்வதைக் கண்டால், படகில் மனிதனின் எடையும் ஒரு கருவியே என்பது புலனாகும்.

ஆழத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவே. ஆனால் இடுப்பளவு நீரேயுள்ள கழிகளில் அரை மீட்டர் குறைந்தாலும் படகு சேற்றில் அமர்ந்துவிடும். நீர் ஏறும் வேளையில் உள்ளே செல்வதே முறை. முகத்துவார மணல்திட்டு ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னும் இடம் மாறும். சென்ற ஆண்டு சென்றுவந்தவர் சொல்லை நம்பாது, அவ்வூரார் சொல்லையே கேட்டல் வேண்டும்.

மேற்கூறிய யாவற்றையும்விட இன்றியமையாதது எண்ணிக்கை. 2011 டிசம்பர் 25ஆம் நாள் பழவேற்காட்டில் சுற்றுலா வந்தோர் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். 2023 மே 7ஆம் நாள் கேரளத்தின் தானூரில், ஆறு கடலொடு கலக்குமிடத்தில் ஈரடுக்குப் படகு கவிழ்ந்து மாண்டவரும் 22 பேரே. தானூர்ப் படகு அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் புறப்பட்டது. மேல்தட்டில் ஆட்கள் பெருகப் பெருகப் படகின் எடைமையம் உயர்கிறது. அந்நிலையில் அனைவரும் ஒரு பக்கம் திரும்பிப் படமெடுக்க நகர்ந்தாலே போதும், படகு நிமிர இயலாது போகும். உயிர்காப்பு மிதவைச் சட்டையைப் படகேறுமுன் கரையிலேயே அணிந்து கட்டிக்கொள்ள வேண்டும். இருக்கைக்கு அடியில் வைத்திருக்கும் சட்டை எவரையும் காத்ததில்லை.

சில ஆண்டுகட்கு முன் மாணவர்களுடன் ஒரு கழிமுகத்திற்குச் சென்றிருந்தோம். நாங்கள் இருபத்தாறு பேர். இருக்கைகளை எண்ணினேன், பதினெட்டு. “ஒரே நடையில கொண்டுபோயிரலாம் சார், எல்லாரும் ஏறுங்க” என்றார் படகோட்டி. இரண்டாம் நடைக்குக் கூலி கொடுக்கத் துறை நிதியில் பணமில்லை. பதினெட்டு மாணவர்கள் சென்றுவந்தனர். எழுவர் என்னோடு கரையில் அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் இன்று ஆசிரியப் பணியில் இருக்கிறார். என்னைக் காணும்போதெல்லாம், “நீங்க மட்டும் அன்னைக்கு விட்டிருந்தா நானும் பார்த்திருப்பேன் ஐயா” என்று குறைப்படுவதை அவர் இன்னும் நிறுத்தவில்லை.