வட்டியில்லா வங்கி இந்தியாவில் ஏன் இல்லை?

வட்டி வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. இஸ்லாமிய நிதிமுறையின் அடிப்படை விதி இது. அப்படியென்றால் வங்கி எப்படிப் பிழைக்கும்?

8 லட்சம் ரூபாய்க்கு ஒரு கார் வாங்கணும்னு வச்சுக்குவோம். வழக்கமான வங்கி பணத்தைக் கடனாகக் கொடுத்து வட்டி வசூலிக்கும். இஸ்லாமிய வங்கி காரைத் தானே வாங்கி, லாபம் சேர்த்து 9 லட்சத்துக்கு உங்களுக்கு விற்கும், தவணையில் கட்டலாம். இதற்கு முராபஹா என்று பெயர்.

'ரெண்டும் ஒண்ணுதானே?' என்று கேட்கலாம். இல்லை. உங்களிடம் விற்கும்வரை காருக்கு வங்கிதான் உரிமையாளர். அதற்குள் சேதமானால் நஷ்டம் வங்கிக்கே. பேசிய விலையும் பிறகு ஏறாது.

எங்கே இடிக்கிறது?

வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949-ன் 8-வது பிரிவு, வங்கிகள் பொருட்களை வாங்கி விற்கும் வியாபாரம் செய்யக் கூடாது என்கிறது. முராபஹாவுக்கு அங்கேயே கதவு அடைபடுகிறது. வீட்டுக் கடனில் இன்னொரு சிக்கல்: வங்கி வாங்கும்போது ஒரு முறை, உங்களுக்கு விற்கும்போது ஒரு முறை என முத்திரைத்தாள் கட்டணம் இரண்டு தடவை விழும். பிரிட்டன் 2003-ல் சட்டம் திருத்தி இந்த இரட்டைச் சுமையை நீக்கியது.

இங்கேயும் முயற்சி நடந்தது. வட்டியில்லா வங்கிச் சேவைக்கு 2008-ல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தது. 2015-ல் தீபக் மொஹந்தி குழுவும் பரிந்துரைத்தது. ஆனால் அந்த யோசனையைக் கைவிட்டதாக 2017-ல் ரிசர்வ் வங்கி தகவல் அறியும் உரிமைச் சட்டப் பதிலில் சொன்னது.

காலி இடத்தில் நுழைந்தவர்கள்

வங்கி இல்லை என்பதால் தேவை இல்லாமல் போய்விடுமா? பெங்களூரின் ஐஎம்ஏ நிறுவனம் 'ஹலால் முதலீடு' என்று சொல்லிப் பணம் திரட்டியது. போட்டவர்களை டெபாசிட்தாரர்களாக அல்லாமல், பங்குதாரர்களாகச் சேர்த்தது. 2019 ஜூனில் அது சரிந்தபோது புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது அதற்கு அடுத்த மாதம்தான்.

பணம் போடும் முன்...

செபி கண்காணிப்பில் இயங்கும் ஷரியா முறை மியூச்சுவல் ஃபண்டுகள் இந்தியாவில் உண்டு. சந்தேகத்துக்குரிய நிறுவனம் என்றால் ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் தேடலாம், புகாரும் கொடுக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீங்க: இஸ்லாமிய முறை முதலீட்டில் லாபத்தோடு நஷ்டத்திலும் பங்கு உண்டு. 'மாசம் இவ்வளவு நிச்சயம்' என்று ஒருவர் உத்தரவாதம் கொடுத்தால், அந்த வாக்குறுதியே ஷரியாவுக்கு முரணானது.