எந்தப் பக்கம் முதலில் பார்ப்பது?

ராஜகுளத்தில் சாலையைக் கடக்க நிற்கிறீர்கள். முதலில் எந்தப் பக்கம் பார்ப்பீர்கள்? வலப்பக்கம். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்வதால், நமக்கு அருகே வரும் வண்டி வலப்பக்கத்திலிருந்துதான் வரும்.

துபாய்க்கு வேலைக்குப் போகும் நம்மூர்க்காரருக்கு இப்பழக்கமே ஆபத்து. அங்கு வண்டிகள் வலப்புறமாகச் செல்கின்றன. முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். அறிவுக்கு இது ஒரு நொடியில் புரியும். கழுத்துக்குப் புரியப் பல நாளாகும்! பழகிய செயலை மூளை யோசிக்காமலே செய்துவிடுகிறது.

ஒரு நாடே இப்படி மாறியதுண்டு. 1967 செப்டம்பர் 3 அதிகாலை 5 மணிக்கு ஸ்வீடன் இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு மாறியது. முதலில் விபத்துகள் குறைந்தன! எல்லோரும் கவனித்து ஓட்டினார்கள். புதுவழி பழகியதும் விபத்துகள் பழைய அளவுக்கே திரும்பின.

ஆகவே, நன்கு பழகிய சாலையிலும் இருபக்கமும் பாருங்கள்.