கப்பலேறிய குச்சிப்பூச்சி

ஐரோப்பாவில் வீட்டுக் கூண்டுகளிலும் பள்ளிக்கூட வகுப்பறைகளிலும் மிக அதிகமாக வளரும் குச்சிப்பூச்சிக்கு 'இந்தியக் குச்சிப்பூச்சி' என்று பெயர். அறிவியல் பெயர் கராசியஸ் மொரோசஸ். இந்தியா என்றால் எங்கோ அஸ்ஸாம் காடு என்று நினைக்க வேண்டாம். நாகர்கோவிலில் பஸ் ஏறி, மதுரை, வத்தலக்குண்டு வழியாக மலையேறினால் கொடைக்கானலுக்குச் சற்று முன்னால் செண்பகனூர் வரும். அந்த ஊர்தான் இதன் பூர்வீகம்.

அங்கே 1895-ல் ஏசுசபைப் பாதிரிமார் ஒரு குருமடம் தொடங்கினார்கள். ஜெபம், இறையியல் போக மிச்ச நேரத்தில் பூச்சி, செடி, பாம்பு என்று எதைக் கண்டாலும் சேகரிக்கிற வழக்கம் அவர்களுக்கு உண்டு. இன்றைக்கும் செண்பகனூர் அருங்காட்சியகத்தில் பாடம் செய்த விலங்குகளைப் பார்க்கலாம். பழனி மலையில் கிடைத்த குச்சிப்பூச்சிகள் அதே சபையைச் சேர்ந்த ரொபேர் த சினேத்தி என்ற பிரெஞ்சுக்காரரின் ஆய்வுக்குப் போய்ச் சேர்ந்தன. 1901-ல் அவர் எழுதிய நீண்ட ஆய்வில்தான் இந்த இனத்துக்கு முதன்முதலாகப் பெயர் கிடைத்தது.

அதற்குப் பிறகு அது பரவிய வேகத்துக்குக் காரணம் எளிது. இந்தப் பூச்சிக்கு ஆண் தேவையில்லை. பெண் தானாகவே முட்டையிடும், அந்த முட்டை பொரித்தால் வருவதும் பெண்தான். ஆண் பிறப்பது அபூர்வத்திலும் அபூர்வம். ஒரே ஒரு பூச்சியைக் கையில் கொடுத்தால் போதும், சில மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். ஒரு பெண் தன் ஆயுளில் சில நூறு முட்டைகள் இடும். முட்டைக்கு உணவு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். தபாலில் அனுப்புவதற்கென்றே படைத்தது போன்ற பண்டம்.

நாஞ்சில் நாட்டில் குச்சிப்பூச்சியை அறியாதவர்கள் என்று யாரும் இல்லை, பார்த்தும் பார்க்காமல் விட்டவர்கள்தான் அதிகம். கீரிப்பாறைக்குப் போகும் வழியில் ஒரு விளையில், பள்ளிக்கூடம் போகிற வயசுப் பையன் ஒருவன் உள்ளங்கையில் ஒன்றை ஏந்திக்கொண்டு நின்றான்.

"பாட்டா, கம்பு நடக்குது பாத்தியளா?"

"அது கும்பிடுபூச்சியாக்கும் மக்களே. கடிச்சிரும், கீழ விடு."

"கும்பிடுபூச்சின்னா முன்னங்கால மடக்கில்லா வச்சிருக்கும். இது நேரா நீட்டிட்டுல்லா இருக்கு."

பையன் சொன்னதுதான் சரி. கும்பிடுபூச்சி வேட்டைக்காரன், முன்னங்காலில் முள் வரிசை வைத்துக்கொண்டு ஈயைப் பிடித்துத் தின்னும். குச்சிப்பூச்சி சுத்த சைவம், இலைதான் அதன் ஆகாரம். ஆபத்து என்றால் முன்னங்கால் இரண்டையும் தலைக்கு நேராக நீட்டி, உடம்போடு ஒட்டிக்கொண்டு விறைத்துவிடும். அப்போது கீழே விழுந்தால் செத்த சுள்ளிதான். பாட்டா நம்பவில்லை, ஆனாலும் ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அது தின்பதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ராத்திரிதான் தோது. இலையின் விளிம்பை இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, தலையை எட்டின மட்டும் நீட்டி, அங்கிருந்து தன் நெஞ்சுப் பக்கமாக வில் போல வளைத்துக் கடித்துக்கொண்டே வரும். திரும்ப மேலே போய் அடுத்த வளைவு. கொஞ்ச நேரத்தில் இலை ஓரத்தில் அரைவட்டமாக ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். ஊதினால் அப்படியே நின்று பக்கவாட்டில் ஆடும், காற்றில் அசையும் கிளையோடு சேர்ந்துகொள்கிற பாவனை.

தோலுரிப்பு இன்னும் அழகு. பின்னங்காலால் மேலே பிடித்துத் தலைகீழாகத் தொங்கும். முதுகு பிளந்து, மெல்ல நழுவி வெளியே வரும். ஊசி போன்ற ஆறு கால்களையும் பழைய உறைக்குள்ளிருந்து முறியாமல் உருவ வேண்டும், அதில்தான் பலது தோற்றுப்போகும். தொங்க இடம் போதாத கூண்டில் உடம்பு கோணிவிடும். அதனால்தான் வளர்ப்பவர்கள், பூச்சியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது கூண்டு உயரம் வேண்டும் என்று அடித்துச் சொல்கிறார்கள். வெளியே வந்ததும் முதல் வேலை, கழற்றிப் போட்ட சட்டையைத் தின்பது.

செலவு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பழைய மீன்தொட்டியை நிமிர்த்தி வைத்து வாயில் கொசுவலை கட்டினால் கூண்டு தயார். எந்தச் செடியில் கண்டோமோ அந்த இலையைக் கொடுப்பதுதான் முதல் விதி. ஊர் தெரியாமல் வந்த பூச்சி என்றால் ரோஜா இலையோ கொய்யா இலையோ வைத்துப் பார்ப்பார்கள். கடையில் வாங்கின ரோஜாக் கட்டு வேண்டவே வேண்டாம், மருந்தடித்த இலை ஒரே ராத்திரியில் கூண்டைக் காலி செய்துவிடும். கிளை நிற்கிற தண்ணீர்க் குப்பியின் வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சுகள் உள்ளே விழுந்து சாகும். சாயங்காலம் இலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் துளியைக் குடித்துக்கொள்ளும். செண்பகனூர்க்காரிக்கு 20 முதல் 25 டிகிரி வரை குளிர்ச்சி பிடிக்கும், நாகர்கோவில் சித்திரை வெயில் அவளுக்கு ஆகாது. மலையடிவாரத்து வகைகள் நம் வெக்கையைத் தாங்கும்.

புதிதாக வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் ஏமாறுவார்கள். கூண்டின் அடியில் கிடக்கிற புழுக்கையைக் கூட்டித் தள்ளும்போது முட்டையும் சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். புழுக்கை சொரசொரப்பு. முட்டை வழவழப்பான பழுப்பு, இரண்டரை மில்லிமீட்டர் இருக்கும், ஒரு நுனியில் மூடி, மூடிமேல் மஞ்சளாக ஒரு சின்னக் குமிழ்.

அந்தக் குமிழுக்குக் காட்டில் வேலை இருக்கிறது. ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதைப் போலவே குமிழ் வைத்த முட்டையிடும் இனங்களை ஆராய்ந்தபோது, எறும்புகள் அதை விதை என்று தூக்கிப்போய்ப் புற்றுக்குள் வைத்து, குமிழை மட்டும் தின்றுவிட்டு முட்டையை விட்டுவிடுவது தெரிந்தது. முட்டையைத் துளைத்துத் தன் முட்டையை வைக்கிற ஒட்டுண்ணிக் குளவியிடமிருந்து அப்படித் தப்பிக்கிறது. ஜப்பானில் 2018-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. நம்மூர்க் கொண்டைக்குருவியின் சொந்தக்காரப் பறவை ஒன்றுக்குக் குச்சிப்பூச்சி முட்டைகளைக் கொடுத்தார்கள். எச்சத்தில் சில முட்டைகள் உடையாமல் வந்தன, அவற்றிலும் ஒன்றிரண்டு பொரித்தன. நடக்கக்கூடச் சோம்பல்படுகிற பூச்சி ஊர் ஊராகப் பரவுவதற்கு இதுவும் ஒரு வழியாக இருக்கலாம்.

சோம்பலாக நடப்பதே ஒரு படிப்பாகிவிட்டது, அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஜெர்மனியில் உல்ரிஷ் பெஸ்லர், ஹோல்க் க்ரூஸ் போன்றவர்கள் தங்கள் ஆராய்ச்சி வாழ்க்கையையே இந்தச் செண்பகனூர்ப் பூச்சியின் கால்களில் செலவிட்டார்கள். மூளை ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியே உத்தரவு போடுவதில்லை, ஒவ்வொரு காலும் தன் பக்கத்துக் கால் தரையில் இருக்கிறதா தூக்கியிருக்கிறதா என்று பார்த்துத் தன் முறையை முடிவு செய்கிறது என்று கண்டார்கள். அதே விதிகளை வைத்து பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் ஆறு கால் ரோபோக்களை நடக்கவிட்டார்கள். பூச்சி பொறுமைசாலி, கால் ஒன்று போனாலும் இளவயது என்றால் அடுத்தடுத்த தோலுரிப்பில் மீண்டும் முளைக்கும். உணர்கொம்பு அடியோடு போன இடத்தில் சில சமயம் கொம்புக்குப் பதில் ஒரு காலே முளைத்துவிடும்!

ஆய்வகம் ஒரு பக்கம் இருக்க, பொழுதுபோக்காக வளர்ப்பவர்கள் சேர்ந்து 1980-ல் இங்கிலாந்தில் ஃபாஸ்மிட் ஸ்டடி குரூப் என்று ஒரு சங்கம் வைத்தார்கள். வளர்ப்புக்கு வந்த ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் எண் கொடுப்பது அவர்கள் வழக்கம். எண் 1 யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. உறுப்பினர்கள் முட்டையைப் பகிர்ந்துகொள்வார்கள், எந்த இலை தின்றது, எத்தனை நாளில் பொரித்தது என்று எழுதி வெளியிடுவார்கள். பட்டம் வாங்காத ஆட்களின் இந்தக் குறிப்புகளை விஞ்ஞானிகள் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இந்தக் கைப்பழக்கம் ஓர் இனத்தையே மீட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் 1918-ல் மக்காம்போ என்ற கப்பல் தரைதட்டி, எலிகள் கரையேறின. கை அளவு நீளமான அந்தத் தீவின் குச்சிப்பூச்சியை எலிகள் சில ஆண்டுகளில் தின்று தீர்த்தன. அழிந்துபோயிற்று என்று எழுதி மூடிய கணக்கு அது. 2001-ல் கடலில் துருத்தி நிற்கிற பால்ஸ் பிரமிட் என்ற பாறையில், ஒரே ஒரு புதரில் சில பூச்சிகள் உயிரோடு இருந்தன. 2003-ல் நான்கை இறக்கினார்கள், ஒரு ஜோடி சிட்னியில் ஒரு தனியார் வளர்ப்பாளரிடம் போனது, இன்னொரு ஜோடி மெல்பர்ன் உயிரியல் பூங்காவுக்கு. மெல்பர்னில் பெண் பூச்சி நோயில் விழுந்தபோது, பூங்காவின் பாட்ரிக் ஹோனன் கால்சியம் கலந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக அதன் வாயில் விட்டுப் பிழைக்கவைத்தார். இன்று அந்த இனம் ஆயிரக்கணக்கில் வளர்ந்துவிட்டது.

மறுபக்கமும் உண்டு. நம் செண்பகனூர்ப் பூச்சி கலிபோர்னியாவில் கூண்டிலிருந்து தப்பித் தோட்டத்துக்குப் போய், அங்கே இலை தின்னும் தொல்லையாகிவிட்டது. அதனால்தான் பொறுப்பான வளர்ப்பாளர்கள் மிஞ்சின முட்டைகளை ஃப்ரீசரில் வைத்து உறையவைத்த பிறகே குப்பையில் போடுகிறார்கள்.

1890-களில் கப்பலேறும்போது ஒரு தாளும் கேட்கப்படவில்லை. இன்று அப்படி முடியாது. 2002-ன் உயிரியல் பல்வகைமைச் சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டு நண்பருக்குத் தபாலில் முட்டை அனுப்புவது வில்லங்கம். 2008-ல் டார்ஜிலிங் பக்கம் சிங்காலிலா தேசியப் பூங்காவில் அனுமதி இல்லாமல் பூச்சி பிடித்த இரண்டு செக் நாட்டவர் கைதாகித் தண்டனையும் பெற்றார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வனவிலங்கு சரணாலயம் மட்டும் சுமார் 400 சதுர கிலோமீட்டர். அதற்குள்ளிருந்து ஒரு பூச்சியைக்கூட அனுமதியின்றி எடுத்து வரக்கூடாது, காளிகேசத்துக்குக் குளிக்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

அப்படியானால் இங்கே வளர்ப்பவருக்கு என்ன மிச்சம்? நிறைய இருக்கிறது என்பது என் கட்சி. நூற்றிருபது வருஷமாகக் குச்சிப்பூச்சியைப் பற்றி எழுதப்பட்டதில் ஆகப்பெரும்பகுதி கூண்டில் பிறந்து கூண்டில் செத்தவற்றைப் பற்றியது. சொந்த மண்ணில் அது எந்த மரத்தைத் தேடிப்போகிறது, எந்த எறும்பு முட்டையைத் தூக்குகிறது என்பதை பீலஃபெல்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. நமக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு. இங்குள்ள குஞ்சுகள் எந்த மழைக்கு வெளியே வருகின்றன? ஒரு நோட்டும் டார்ச் லைட்டும் இருந்தால் மாறாமலையில் கிராம்பு பறிக்கிறவரோ, ரப்பர் பால் வெட்ட விடியுமுன் இறங்குகிறவரோ இரண்டு வருஷத்தில் பதில் சொல்லிவிடலாம்.

வீட்டு வேலியில் தேட அனுமதிச்சீட்டு தேவையில்லை. மழை வெறித்த ராத்திரியில் எட்டு மணிக்கு மேல் கிளம்பி, முதலில் கொய்யாவைப் பாருங்கள். பூச்சியைத் தேடாதீர்கள், தேடினால் அகப்படாது. இலை ஓரத்தில் அரைவட்டக் கடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்குக் கீழே ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்து வைத்துவிட்டு வந்து தூங்கலாம், காலையில் புழுக்கையும் முட்டையும் அதில் கிடக்கும்.