மழைநாள் சம்பளமும் 35 வருடக் கடனும்

தம்பின் வட்டாரத் தோட்டங்களில் மழை பிடித்துக்கொண்டால் பால்மரம் வெட்ட முடியாது. அந்த மாதச் சம்பளம் இறங்கிவிடும். செம்பனைக் குலை வெட்டுபவருக்கும் காய்ப்பைப் பொறுத்தே வரும்படி. இப்படிப்பட்ட ஒருவர் லயத்து வீட்டை விட்டுத் தாமானில் வீடு வாங்க 200,000 வெள்ளி கேட்கிறார். மலேசியாவில் வீட்டுக் கடனுக்கு உச்சத் தவணை 35 வருடம். நாளைய ரப்பர் விலையே தெரியாதபோது வங்கி எதை நம்பிக் கொடுக்கிறது?

முதலில் அது துப்பறிகிறது. ஊழியர் சேமநிதிக்கு, 5,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளத்தில் தொழிலாளி 11 விழுக்காடு, முதலாளி 13 விழுக்காடு செலுத்துகிறார்கள். ஆக 24. சேமநிதி அறிக்கையில் ஒரு மாதம் 600 வெள்ளி ஏறியிருந்தால், அந்த மாதச் சம்பளம் சுமார் 2,500 என்று பின்னோக்கிப் போட்டுப் பார்த்துவிடலாம். சம்பளச் சீட்டைத் திருத்தி எழுதியவர் இங்கே மாட்டுவார். பல மாத எண்களைச் சராசரி எடுத்தால் மழையும் காய்ப்பும் சமனாகிவிடும்.

அடுத்து சிசிரிஸ். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2001-இல் தொடங்கிய கடன் தகவல் பதிவேடு இது. ஒவ்வொரு கடனுக்கும் கடந்த 12 மாதங்களுக்கு 12 கட்டங்கள். ஒழுங்காகக் கட்டியிருந்தால் 0. இரண்டு மாதம் பாக்கி என்றால் 2. அவ்வளவுதான், ஜாதகக் கட்டத்தைவிட எளிது! ஊரில் ‘பிளாக்லிஸ்ட்’ என்பார்கள். பேங்க் நெகாரா அப்படி எந்தப் பட்டியலும் வைத்திருக்கவில்லை. கட்டங்களைப் பார்த்து முடிவெடுப்பது வங்கி.

பிறகு கடன்சுமை விகிதம்: கைக்கு வரும் சம்பளத்தில் எத்தனை பங்கு கடனுக்கே போகிறது என்ற கணக்கு. 4 விழுக்காடு வட்டியில் நம்மவரின் மாதத் தவணை சுமார் 886 வெள்ளி. கார் கடன் 350 என்றால் மொத்தம் 1,236. கையில் வருவது 2,200 என்றால் 56 விழுக்காடு கடனுக்கே. எல்லை வங்கிக்கு வங்கி மாறும். அந்த 886-இலும் முதல் மாதம் 667 வெள்ளி வட்டிக்கே போய்விடும் என்பது பலருக்கும் தெரியாத சங்கதி.

தவணையும் நிலையாக நிற்காது. பேங்க் நெகாராவின் கொள்கை வட்டி 2020 ஜூலையில் 1.75 விழுக்காட்டுக்கு இறங்கி, 2023 மே மாதம் 3-க்கு ஏறியது. அதே 1.25 ஏற்றம், 3 விழுக்காட்டில் இருக்கும் 200,000 வெள்ளிக் கடனை மாதம் 770-இலிருந்து 916-க்குத் தள்ளும். கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதம் தவணை கட்டாமல் இருக்க விட்டார்கள்; சிசிரிஸ் கட்டங்களில் கறை விழவில்லை. வட்டி மட்டும் ஓடிக்கொண்டேயிருந்தது.

சம்பளச் சீட்டே இல்லாத பசார் மாலாம் வியாபாரிக்கு? நிலையான வருமானம் இல்லாதவர்களின் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தர 2008-இல் எஸ்.ஜே.கே.பி. நிறுவனம் உருவானது. கடன் வாங்கியவர் தவறினால் இழப்பில் பங்கேற்க ஆள் இருப்பதால் வங்கிக்குத் தைரியம் வருகிறது. இதை நம் ஆட்கள் இன்னும் அதிகம் கேட்டு வாங்க வேண்டும்.

தம்முடைய சிசிரிஸ் அறிக்கையை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.