இ.சி.ஜி.யில் ‘பிளாக்’ என்றால் குழாய் அடைப்பு அன்று

இ.சி.ஜி. அறிக்கையில் ‘பிளாக்’ என்ற சொல்லைக் கண்டதும், ஆஞ்சியோ எப்போது, ஸ்டென்ட் எத்தனை என்று உறவினர்கள் எம்மிடம் கேட்பதுண்டு. இரு வேறு நோய்நிலைகளுக்கு ஒரே சொல் வழங்குவதால் நேரும் குழப்பம் இது. மாரடைப்பை உண்டாக்குவது, இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாயின் அடைப்பு. இ.சி.ஜி.யில் ‘ஏ.வி. பிளாக்’, ‘பண்டில் பிராஞ்ச் பிளாக்’ எனக் குறிக்கப்படுவதோ, இதயத்தினுள் செல்லும் மின்தூண்டலுக்கு நேரும் தடை.

வலது மேலறையிலுள்ள சைனஸ் கணுவில் அத்தூண்டல் பிறக்கிறது. மேலறைகளில் அது பரவும்போது தாளில் ‘பி’ என்னும் சிறு மேடு தோன்றும். பின்னர் ஏ.வி. கணுவில் சற்றுத் தாமதித்து, வலம் இடமாகப் பிரியும் கிளைகள் வழியே கீழறைகளை அடையும்போது ‘க்யூ.ஆர்.எஸ்.’ என்னும் கூரிய அலை எழும். தாளின் ஒரு சிறு கட்டம் 0.04 வினாடியைக் குறிக்கும். ‘பி’ தொடங்கும் இடத்திலிருந்து க்யூ.ஆர்.எஸ். தொடங்கும் இடம் வரை 3 முதல் 5 சிறு கட்டங்கள் இருப்பது இயல்பு.

இந்த இடைவெளி 5 கட்டங்களைக் கடந்தும், ஒவ்வொரு ‘பி’க்குப் பின்னும் க்யூ.ஆர்.எஸ். தவறாமல் வருமாயின் அது முதல்நிலைத் தடை. பெரும்பாலும் இதற்குச் சிகிச்சை தேவைப்படாது.

இரண்டாம் நிலையில் சில துடிப்புகள் விடுபடும். இதில் இருவகை உண்டு. இடைவெளி படிப்படியாக நீண்டு, பின்னர் ஒரு துடிப்பு விடுபடுவது வெங்கெபாக் வகை. நெதர்லாந்து மருத்துவரான வெங்கெபாக், இ.சி.ஜி. கருவி மருத்துவப் பயன்பாட்டுக்கு வருமுன்பே, 1899இல், நாடித்துடிப்பின் பதிவுகளைக் கொண்டே இதனை விளக்கினார் என்பது இன்றும் வியப்பளிக்கிறது. உறக்கத்தில் விளையாட்டு வீரர்களிடமும் இது காணப்படும், பெரும்பாலும் தீங்கற்றது. இடைவெளி சற்றும் மாறாதிருந்து திடீரென ஒரு துடிப்பு விடுபடுவது மொபிட்ஸ் இரண்டாம் வகை. இதனை நாங்கள் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. முன்னறிவிப்பின்றி முழுத்தடையாக மாறக்கூடியது.

முழுத்தடையில் ‘பி’ அலைகள் ஒரு தாளத்திலும் க்யூ.ஆர்.எஸ். அலைகள் வேறொரு தாளத்திலும் ஒன்றோடொன்று தொடர்பின்றிச் செல்லும். நாடி நிமிடத்திற்கு 40க்கும் கீழே இறங்கலாம். மூளைக்குக் குருதி குறைந்து நோயாளி திடீரென மயங்கி விழுவார். சிலருக்குக் கைகால்கள் வெட்டி இழுக்கும். இதனை வலிப்பு நோய் என எண்ணிக் காலம் கடத்துவது ஆபத்து. முதியவர் காரணமின்றி மயங்கி விழுந்தால், உடனே மருத்துவமனைக்கு அழைத்து வந்து இ.சி.ஜி. எடுப்பது இன்றியமையாதது. மாத்திரைகளாலோ, குருதியில் பொட்டாசியம் மிகுவதாலோ ஏற்பட்ட தடை, காரணம் நீங்கினால் அகலக்கூடும். அவ்வாறு அகலாத முழுத்தடைக்குப் பேஸ்மேக்கரே தீர்வு.

க்யூ.ஆர்.எஸ். 3 சிறு கட்டங்கள் அல்லது அதற்கு மேல் அகன்றிருப்பின் கிளைத்தடை உண்டா எனப் பார்ப்போம். வலக்கிளைத் தடை நலமுள்ளோரிடமும் காணப்படுவதுண்டு. இடக்கிளைத் தடை இருப்பின் எக்கோ பரிசோதனை செய்வது வழக்கம். அதனுடன் நெஞ்சுவலியும் இருப்பின் அது அவசர நிலை.

தடை புதியதா, பழையதா என்பதை அறிய, முன்பு எடுத்த இ.சி.ஜி. தாள் எமக்குப் பெரிதும் உதவும். உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலோடு அதனையும் கொண்டு வாருங்கள். பீட்டா பிளாக்கர், டிகாக்சின், டில்டியாசெம், வெரபமில் ஆகியவை மின்கடத்தலை மந்தமாக்கும் என்றாலும், எம்மைக் கேளாது அவற்றை நிறுத்த வேண்டா.