என்ஜின் அழுக்கை ஆயில் கழுவுமா? அவசரப்பட்டால் ஆபத்து!

சென்னையில் பழைய கார் வாங்குகிறவர்கள் பலர், ஆயில் மூடியைத் திறந்து பார்த்துத் திடுக்கிடுகிறார்கள். உள்ளே கறுப்புக் களி! "நல்ல ஆயிலா ஊத்துங்க, எல்லாம் கழுவிக்கிட்டு வந்துடும்" என்ற யோசனை உடனே கிடைக்கும்.

இது பாதிதான் உண்மை.

என்ஜின் ஆயிலில் சோப்பு மாதிரி வேலை செய்யும் ரசாயனங்கள் உண்டு. சில, பிஸ்டனில் கரி ஒட்டாமல் தடுக்கும். சில, கரித்தூளைக் கட்டியாக விடாமல் ஆயிலிலேயே மிதக்க வைக்கும். அதனால்தான் டீசல் காரில் புது ஆயில் சீக்கிரமே கறுத்து விடுகிறது. "கலப்படம்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்!

ஆனால், ஏற்கனவே இறுகிய கரி ஒரே தடவையில் போகாது. பிஸ்டன் கரியை நீக்கும் என்று வால்வோலின் கம்பெனி 2024-ல் அமெரிக்காவில் ஒரு ஆயிலை இறக்கியது. அதையும் தொடர்ந்து ஊற்றி வந்தால்தான் பலன் என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது.

அடைத்தால் போச்சு!

வேகமாகக் கழுவும் 'பிளஷ்' திரவத்தை ஊற்றினால்? களி துண்டு துண்டாகப் பெயர்ந்து, ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்து விடலாம். ஆயில் மேலே ஏறாது. பேரிங் தேயும். என்ஜின் ஜாம்! ஓடும்போது ஆயில் சிவப்பு விளக்கு எரிந்தால், உடனே நிறுத்தி விட வேண்டும்.

களி கெட்டியாக இருந்தால், ஆயில் சேம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்வதே நல்லது. லேசான அழுக்கா? கார் கம்பெனி சொன்ன ரக ஆயிலை ஊற்றி, வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஆயிலையும் பில்டரையும் மாற்றி வந்தால் போதும்.

செலவு கொஞ்சம் கூடும். என்ஜின் பிழைக்கும்!