மறைக்கும் கதைசொல்லியும் அறிந்த வாசகரும்: ஹென்டர்சன் சிறுவனும் கலித்தொகைத் தலைவியும்

கதை சொல்பவரின் கூற்றை முழுமையாக நம்ப இயலாதபோது அவரை 'நம்பகமற்ற கதைசொல்லி' என்கிறோம். இக்கலைச்சொல்லை அமெரிக்கத் திறனாய்வாளர் வெய்ன் பூத் 1961இல் வெளியான தம் நூலில் அறிமுகப்படுத்தினார். படர்க்கையில் அமைந்த கதையிலும், எப்பாத்திரத்தின் பார்வை வழியே நிகழ்ச்சிகளைக் காண்கிறோமோ அப்பாத்திரம் கதைசொல்லியே என்பது அவர் கருத்து. பதின்பருவத்தினர் கதைகளில் இவ்வுத்தி பதற்றத்தை வளர்க்கும் முறையை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

முதற்சான்று, நான் வாழும் ஆக்லாந்தின் ஹென்டர்சனைச் சார்ந்தது. இங்கு வளர்ந்த மாரிஸ் ஜீ (1931–2025) இவ்வூரை 'லூமிஸ்' என்னும் புனைபெயரில் தம் கதைக்களமாக்கினார். 1994இல் வெளிவந்த அவருடைய 'தி ஃபேட் மேன்' 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் நிகழ்வது. பசித்த சிறுவன் காலின் பாட்டர் ஓடைக்கரையில் பிறர் சாக்லேட்டைத் தின்று, ஹெர்பர்ட் மஸ்கியிடம் அகப்படுகிறான். மஸ்கி அவனைத் தம் களவுக்கு உடந்தையாக்குகிறார். நிகழ்ந்ததைப் பெற்றோரிடம் சொல்ல அவனால் இயலவில்லை. மஸ்கி அக்குடும்பத்தை நெருங்குந்தோறும் வாசகர் அஞ்சுகிறார். பெற்றோரோ ஏதும் அறியார். இது பதற்றத்தின் முதலடுக்கு. காலினும் முழுமையாக அறியான் என்பது இரண்டாமடுக்கு. பள்ளிநாளில் மஸ்கியைத் துன்புறுத்தியவர்களுள் தன் தந்தையும் ஒருவர் என்பது அவனுக்குப் பின்னரே தெரியவருகிறது. அதுவரை காரணமற்ற கொடியவராகத் தோன்றிய மஸ்கியை வாசகர் மறுமுறை எண்ணிப்பார்க்க நேர்கிறது. காலின் பொய்யன் அல்லன். அவன் பார்வை குறையுடையது, அவ்வளவே.

இரண்டாம் சான்று நம்முடையது. கபிலர் பாடிய கலித்தொகை 51ஆம் பாடலில் இளம்பெண்ணொருத்தி தோழியிடம் பேசுகிறாள். முன்பு தன் மணல்வீட்டைக் காலால் சிதைத்தவன் ஒருநாள் தண்ணீர் கேட்டு வந்தான். கொடுக்கச் சென்றவளின் கையைப் பற்றினான். அவள் அலறித் தாயை அழைத்தாள். தாய் ஓடிவந்ததும், நீர் விக்கியது என்று கூறிவிட்டாள். அலறலுக்கும் அந்த விடைக்கும் இடைப்பட்ட நொடியே பாடலின் பதற்றம் முழுவதும். தாயிடம் கூறியது பொய். தோழியிடம் அவனைக் கடிந்து பேசுவதும் முழு உண்மையன்று, அதனடியில் காதல் இருக்கிறது.

காலினின் மௌனம் அச்சத்தால் விளைந்தது. தலைவியின் பொய் காதலால் விளைந்தது. ஆயினும் இரண்டிலும் பதற்றம் பொய்யிலிருந்து பிறக்கவில்லை. சொல்பவர், கேட்பவர், வாசகர் ஆகிய மூவரும் அறிந்தவற்றுக்கு இடையிலுள்ள தொலைவிலிருந்தே அது பிறக்கிறது. இத்தொலைவை அளக்கும் கருவி நம் மரபில் உண்டு. யார் கூற்று, யாரை நோக்கிய கூற்று என்னும் வினாக்களைத் தொல்காப்பியம் அகப்பாடலுக்கு அடிப்படையாக்கியுள்ளது. தோழி அறத்தொடு நிற்கும்போது நிகழாததைப் படைத்துமொழிவதற்கும் அதில் இடமுண்டு.

புலம்பெயர் நாடுகளின் தமிழ் வகுப்புகளில் இக்கருவியைப் பெரிதும் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறோம். 'பொய் சொல்லலாமா?' என்று கேட்டுப் பாடத்தை முடித்துவிடுகிறோம். வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியும் பேசும் பதின்பருவத்தினர் எதை எவரிடம் சொல்வது என்பதை நாள்தோறும் முடிவு செய்கின்றனர். 'யாரிடம் மறைத்தாள், ஏன்?' என்று அவர்களைக் கேட்போமாயின், கலித்தொகை அவர்களுக்கு அறிவுரையாகத் தோன்றாது; தம் கதையாகவே தோன்றும்.